பத்தாவது வரி

கோர்ச்சா
28 மார்ச் 1992, சனிக்கிழமை

அன்பு மகள் எல்பிக்கு,

அப்பா பெத்ராச் எழுதுகிறேன். எனக்கு உடம்பு சுகம்தான். கடல் தாண்டி அன்கோனாவில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நீராவி பட்டுக் கை வெந்துவிட்டதாக எழுதியிருந்தாயே, ஆறிவிட்டதா? கொப்புளத்தை உடைக்காதே.

மார்ச் ஒன்பதாம் தேதி நீ எழுதிய கடிதம் பதினாறு நாளில் வந்து சேர்ந்தது. உறை ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. நீ கப்பலேறிய பிறகு இப்படிப் பிரிக்கப்படாமல் வந்த நான்காவது கடிதம் இது. இன்னும் பழகவில்லை. பிரிப்பதற்கு முன் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிரித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தேர்தல் நடந்தது. முடிவு உனக்கும் தெரிந்திருக்கும். மறுநாள் சாயங்காலம் பெரிய வீதியில் ஜனங்கள் கைகோத்து ஆடினார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். மின்சாரம் ஒருநாளில் நான்கு மணி நேரம் வருகிறது. ரொட்டிக்குக் காலை ஐந்தரைக்கே போய் நிற்க வேண்டும். மொராவா மலையில் இன்னும் பனி கரையவில்லை.

நாற்பது வருஷம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவன் நான். முக்கியமானதை முதல் வரியில் எழுது என்று எத்தனையோ இளைஞர்களைத் திட்டியிருக்கிறேன். இப்போது நானே வானிலையும் ரொட்டியும் எழுதிக்கொண்டிருக்கிறேன். விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தில் மூன்று காரியம் இருக்கிறது. நான் அங்கே வந்து உன்னோடு இருக்க வேண்டும் என்று விண்ணப்பத் தாள்கள் அனுப்பியிருக்கிறாய். மே மாதம் நீ வந்து, அம்மாவின் எலும்புகளை அவள் செத்துப்போன லுஷ்னியா சேற்றுக் கிராமத்திலிருந்து எடுத்து நம் ஊரில் அடக்கம் செய்யப் போகிறாய். பிறகு சொத்திர். அம்மா மேல் போட்ட வழக்கின் தீர்ப்புப் பக்கம் உன் கைக்கு வந்துவிட்டது. அதில் அம்மா சொன்னதாக ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை அம்மா சொன்ன சாயங்காலம் நீ காய்ச்சலோடு அடுப்பருகில் படுத்திருந்தாய். உனக்கு ஆறு வயது. மேசையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: அம்மா, நான், முற்றத்துக்கு எதிர்வீட்டு சொத்திர், அவன் மனைவி கலியோப்பி. அம்மா தன்னையே காட்டிக்கொடுக்கவில்லை, அப்பா செய்யமாட்டார், மிச்சம் யார் என்று கேட்டு, நீயே பதிலும் எழுதிவிட்டாய். முன்னாள் கைதிகள் சங்கத்துக்குப் பிப்ரவரியிலேயே எழுதிவிட்டாய். நாடக அரங்கத்துப் பக்கம் அவர்கள் ஒட்டியிருக்கும் பட்டியலில், காட்டிக்கொடுத்தவர்கள் என்ற தலைப்பின் கீழ் சொத்திரின் பெயர் பதினொன்றாவது. அவன் ஜன்னலை உடைத்துவிட்டார்கள். ரொட்டி வரிசையில் கலியோப்பியின் மேல் ஒருத்தி துப்பினாள். நான் அங்கேதான் நின்றேன்.

சொத்திர் இல்லை, எல்பி. கலியோப்பியும் இல்லை. மே மாதம் நீ வரும்போது முழு வழக்குக் கோப்பையும் உன்னிடம் தருவார்கள். அதைப் படிப்பதற்கு முன் நீ என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ இன்னொன்றும் கேட்டிருந்தாய்: "நீங்க எல்லாரும் எப்படிப்பா அவரை இத்தனை வருஷம் ஆள விட்டீங்க?" என்று. அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அது வேறு விஷயம் இல்லை.

தலைவரின் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. எழுத வேண்டிய அளவுக்கு எழுதியாகிவிட்டது. அவர் நம் ஊர் பிரெஞ்சுப் பள்ளியில் கொஞ்ச காலம் வாத்தியாராக இருந்தவர். 1944 நவம்பரில் ஜெர்மானியர் போய், மலையிலிருந்து நம் பையன்கள் இறங்கி வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. ஊரே அவரை "நம்ம வாத்தியாரு" என்றது. "நல்லா உடுத்துவாரு, யாரைப் பார்த்தாலும் சிரிச்சுப் பேசுவாரு, அவரு வந்தா சரியாயிடும்" என்றார்கள். அவரோடு ஒரே மேசையில் காபி குடித்ததாகப் பெருமையடித்தவர்கள் நம் ஊரில் முப்பது பேராவது இருப்பார்கள். அன்றைக்குப் பெரிய வீதியில் நானும் ஆடினேன். பொய்யாக ஆடவில்லை. நிலமில்லாதவனுக்கு நிலம் கொடுத்தார்கள். எழுத்துத் தெரியாத பெண்களுக்கு மாலைப் பள்ளி வைத்தார்கள். அதையெல்லாம் நான் கண்ணால் பார்த்து எழுதினேன்.

ஐந்து வருஷத்தில் அந்தக் காபி குடித்த கதையைச் சொல்ல ஆளில்லை. அவர் மேலே வருவதற்கு முன்பு அவரைத் தெரிந்தவர்கள்தான் முதலில் போனார்கள்.

1946-இல் மாலிக் சதுப்பை வற்றவைக்கும் வேலையைப் பார்த்து எழுத என்னை அனுப்பினார்கள். வேலை பின்தங்கியிருந்தது. முழங்கால் சேற்றில் நின்றபடி ஒரு பொறியாளர் என்னிடம், "பம்பு வரலை தம்பி, மண்வெட்டியால கடலை இறைக்கச் சொல்றாங்க" என்றார். நான் அதைக் குறித்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் பொறியாளர்களை நாசவேலைக்காரர்கள் என்று பிடித்துத் தண்டனை கொடுத்துக் கொன்றார்கள். செய்தி எழுதியவன் நான். பம்பு என்ற சொல் அதில் இல்லை. யாரும் என்னை அடிக்கவில்லை. பத்திரிகை ஆசிரியர் என் நோட்டைப் பார்த்து, "இது வேண்டாமே" என்றார். அவ்வளவுதான். நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் உள்ள பதிலும் அவ்வளவுதான். இது வேண்டாமே என்றார்கள், நாங்கள் விட்டுவிட்டோம்.

பிறகு யூகோஸ்லாவியர்கள் சகோதரர்களாக இருந்து எதிரிகளானார்கள். அமைச்சர்கள் காலையில் மேடையிலும் அடுத்த மாதம் கூண்டிலும் நின்றார்கள். எந்தப் படத்தைச் சுவரிலிருந்து எடுக்க வேண்டும் என்று விடிவதற்குள் அலுவலகத்துக்குச் சொல்லிவிடுவார்கள். நீ பிறந்தபோது உனக்கு நதாஷா என்று பெயர் வைக்க நினைத்தேன். உன் அம்மா அச்சகத்தில் ப்ரூஃப் பார்ப்பவள், எல்லாப் பக்கமும் அவள் கண்ணில் பட்டுத்தான் போகும். "கொஞ்சம் பொறு. ரஷ்யாக்காரன் செய்தி மூணாம் பக்கத்துக்குப் போயிடுச்சு. நாலாம் பக்கம் போனா இந்தப் பேரோட பொண்ணு எங்க போவா?" என்றாள். அந்த வருஷம் முடிவதற்குள் ரஷ்யர்கள் துரோகிகள். உன் அம்மா எவ்தோக்சி அப்படிப்பட்டவள். எங்களுக்குக் கட்டளையாக வந்தபின் புரிந்தது அவளுக்கு முன்பே தெரியும்.

நாட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோப்பு இருந்தது. ஒருவருடைய கறை எல்லோர்மீதும் பட்டது. நீ அதிலேயே வளர்ந்தவள். 85-இல் தலைவர் செத்தபோது சதுக்கத்தில் எல்லோரும் அழுதார்களே, உனக்குக் கண்ணீர் வரவில்லை. நான் உன் கையைக் கிள்ளினேன். "அழறேன்பா, அழறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய். உனக்கு வயது இருபத்து நான்கு. அந்த இடம் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது.

இனி 1967.

பிப்ரவரியில் கோயில்களுக்கும் மசூதிகளுக்கும் எதிராக இளைஞர்களைக் கிளப்பினார்கள். ஒரு மாதத்துக்குள் நம் ஊரில் எல்லா மணியும் நின்றது. இறந்தவர்களின் சனிக்கிழமை வந்தது. அதற்கு முந்தின குளிர்காலத்தில்தான் அம்மாவின் அப்பா காலமாகியிருந்தார். அவருக்காகக் கோதுமை வேகவைத்து, சர்க்கரையும் வால்நட்டும் பட்டையும் போட்டு, அக்கம்பக்கத்துக்கு ஒரு கிண்ணம் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று நான் சொன்னேன். "அவரு கேட்கிற கடைசிச் சாப்பாடு, பெத்ராச். கதவைச் சாத்திட்டுச் செய்றேன்" என்றாள். கதவைச் சாத்தலாம், பட்டை வாசனையைச் சாத்த முடியாது. தெருக் கமிட்டிப் பெண் மாடிப்படியில் ஏறி வந்து, "யார் வீட்டுல கோதுமை வேகுது?" என்றாள். அம்மா கரண்டியோடு வாசலில் நின்று, "கோழிக்கு" என்றாள். அந்தப் பெண், "உன் கோழி பட்டை போட்டுத்தான் தின்னுமா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

அன்று சாயங்காலம் சொத்திரும் கலியோப்பியும் தங்கள் கிண்ணத்தைச் சாப்பிட நம் வீட்டுக்கே வந்தார்கள். பயத்தை மறைக்க எல்லோரும் அதிகமாகப் பேசினோம். கோயில்களை ஏன் மூடுகிறார்கள் என்று கலியோப்பி கேட்டபோதுதான் அம்மா அந்த வாக்கியத்தைச் சொன்னாள்: "சாமியைக் காலி பண்ணச் சொன்னதே, தலைவரு அங்க குடிவர்றதுக்குத்தான்." நான்கு பேரும் சிரித்தோம். அதிகம் சிரித்தவன் நான்.

மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை காலையில் அச்சகத் தாழ்வாரத்தில் நம் வீட்டைப் பற்றி மின்னல் தாள் தொங்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆளுயரக் காகிதத்தில் கொட்டை எழுத்தில் குற்றத்தை எழுதித் தொங்கவிடுவார்கள். பெயர் வந்தவன் மூன்று நாளில் கீழேயே பதில் எழுத வேண்டும். அம்மா ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவங்க எழுதினா இது கெட்ட வீடு. நீ முந்திக்கிட்டு எழுதினா வீடு நல்ல வீடு, நான் மட்டும் கெட்டவ. எல்பி உன்கிட்ட இருப்பா. காகிதத்தை எடு."

இது உனக்குத் தெரியும். போன வருஷம் நீ துர்ரேஸ் துறைமுகத்துக்குக் கிளம்பிய அன்று சொன்னேன். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன், ஒன்பது வரி. விவாகரத்தும் அவள் யோசனைதான். மூன்றாவது வரியைப் படித்துவிட்டு, "பெண்டாட்டியைத் திட்டற மாதிரியே இல்லையே, இன்னும் கொஞ்சம் காரமா எழுது" என்று பென்சிலால் திருத்தினாள். "ஒரு வருஷம் கூட்டுப்பண்ணையில பீட்ரூட் பிடுங்கிட்டு வந்துடுவேன். வந்ததும் மறுபடி கட்டிக்கலாம். இந்தத் தடவை நல்ல கோட்டு போட்டுக்க" என்றாள். நீ அதைக் கேட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாய். நீ அப்படி அழுததனால்தான் மிச்சத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

சுவரில் தொங்கிய ஒன்பது வரியில் அந்த வாக்கியம் இல்லை.

திங்கட்கிழமை தாளைத் தொங்கவிட்டேன். புதன்கிழமை உள்துறைக் கிளைப் போலீஸ் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். மூன்றாம் எண் அறை. அதிகாரி என்னைவிட இளையவர், மரியாதையாகப் பேசினார். நடந்ததை என் கையால் எழுதிக் கொடுக்கச் சொன்னார். அதே ஒன்பது வரியை எழுதினேன். அவர் படித்துவிட்டுச் சொன்னார்: "இது சுவர்லயே இருக்கே, தோழர். சுவர் சொன்னதைச் சொல்ல நீங்க எதுக்கு? புருஷனும் பொண்டாட்டியும் உட்கார்ந்து சேர்ந்து எழுதின மாதிரி இருக்கு."

அவர் தெரிந்து சொன்னாரா, குருட்டாம்போக்கில் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் வெளியே போய்ச் சிகரெட் பிடித்துவிட்டு வந்தார். பத்து நிமிஷம் இருக்கும். அதற்குள் நான் பத்தாவது வரியை எழுதினேன்.

உனக்காகத்தான் எழுதினேன் என்று இருபத்தைந்து வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டு வருகிறேன். அது பாதிதான் உண்மை. கொடுப்பதற்கு வேறு என்னென்னவோ இருந்தன. அலமாரிக்குப் பின்னால் அவள் அப்பாவின் மாதா படம் இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம், அதற்கும் பண்ணையோடு போயிருக்கும். ஆனால் எது கனமான வரி என்று எனக்குத் தெரியும், அது என் தொழில். அந்த அறையிலிருந்து வெளியே போக எது போதுமோ அதை எழுதாமல், நிச்சயமாக வெளியே விடும் வரியை எழுதினேன். அந்த மாதம் நம் ஊரில் கோதுமைக்காகத் தாள் தொங்கவிடப்பட்டவர்கள் ஏழு பேர். ஆறு பேர் ஒரு வருஷம் பண்ணையில் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். அம்மாவுக்கு, மக்கள் அதிகாரத்துக்கு எதிரான பிரச்சாரம் என்று எட்டு வருஷம் சிறைமுகாம்.

ஜூன் மாதம், வெளியாட்களை விடாமல் கதவைச் சாத்திக்கொண்டு வழக்கு நடந்தது. என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். என் பத்து வரியையும் சத்தமாகப் படித்தார்கள். ஒன்பதாவது வரி முடிந்ததும் அவள் எழுந்துகொள்ளப் போவது போல லேசாக அசைந்தாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதானே. பத்தாவதைப் படித்தார்கள். இதைச் சொன்னாயா என்று நீதிபதி கேட்டார். அவள், "சொன்னேன். வீட்டுல நானும் அவரும் தனியா இருந்தப்ப சொன்னேன். வேற யாரும் இல்ல" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நீதிபதி மேசையில் இருந்த தண்ணீர்க் கூஜாவைப் பார்த்துச் சொன்னாள்.

மே மாதம் உன் கைக்கு வரப்போகும் கோப்பில் இருப்பது அதுதான். வேறு யாரும் இல்லை என்ற அவள் வாக்குமூலம், அதற்கு முன் பக்கத்தில் என் கையெழுத்து.

அந்தப் பதிலால் அவள் சொத்திரையும் கலியோப்பியையும் காப்பாற்றினாள். நான் எழுதியது உண்மை என்று ஒப்புக்கொண்டதால் என்னையும், உன்னையும் காப்பாற்றினாள். அதில் என்மேல் அவளுக்கு மிச்சமிருந்தது என்ன என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதக் கூடாது.

இன்று இத்தோடு நிறுத்துகிறேன். தபாலில் சேர்ப்பதற்கு முன் ஒரு இடத்துக்குப் போக வேண்டும்.

30 மார்ச், திங்கட்கிழமை

நேற்று காலை சொத்திர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தைக் கடந்தால் பதினெட்டு அடி. உடைந்த ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்தார்கள். கலியோப்பி கதவைத் திறந்து, "வந்த விஷயத்தை முதல்ல சொல்லு, காபி போடறதா வேண்டாமான்னு அப்புறம் பார்க்கலாம்" என்றாள். சொத்திர் தட்டில் பீன்ஸைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். நான் உட்காரவில்லை. நின்றபடியே உனக்கு எழுதியதைச் சொன்னேன். அதிக நேரம் ஆகவில்லை.

சொத்திர் தலையை நிமிர்த்தாமல், "தெரியும்டா" என்றான்.

எப்படி என்று கேட்டேன். "நாங்க சொல்லியிருந்தா மறுபடியும் கூப்பிட்டிருப்பாங்க. ஒரு தடவை கறந்த மாட்டை அவங்க விடமாட்டாங்க. இருபத்தஞ்சு வருஷத்துல எங்களை ஒரு நாள்கூடக் கூப்பிடலை. மேசையில இருந்தது நாலு பேரு. கணக்கு வாத்தியாரா வேணும் இதுக்கு?" என்றான்.

கலியோப்பிக்குத் தெரிந்திருக்கவில்லை, எல்பி. அவள் என்னை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா? நான் எச்சில் துடைச்சுக்கிட்டு வந்து இங்க உட்கார்ந்து அழுதப்பவும் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேதான் பீன்ஸ் பொறுக்கினியா?" என்று தட்டைத் தட்டிவிட்டாள். சொத்திர் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே சொன்னான்: "அப்ப சொல்லியிருந்தா, உனக்கெப்படித் தெரியும்னு கேட்பாங்க. நானும் உட்கார்ந்து சிரிச்சேன்னு சொல்லணும். பயம். அப்புறம் இவன் ஒரு சின்னப் பொண்ணை வச்சுக்கிட்டு இருந்தான். இப்ப சொல்லாததுக்குக் காரணம், இவன் வந்து சொல்லுவானான்னு பார்த்தேன். மூணு வாரம் பார்த்தேன். என்னைப் பெரிய மனுஷனாக்கிடாதீங்க ரெண்டு பேரும்."

கலியோப்பி என்னிடம் வந்தாள். "அவளுக்கு ரெண்டு தடவை கம்பளிக் காலுறை பின்னி, என் அண்ணன் பேரைப் போட்டு அனுப்பினேன். ரெண்டாவது தடவை திரும்பி வந்துடுச்சு, அவ செத்துட்டா. நீ என்ன அனுப்பினே?" என்று கேட்டாள். ஒன்றும் அனுப்பவில்லை என்றேன். விவாகரத்தானவன் அனுப்பினால் என்ன ஆகும் என்ற காரணம் என்னிடம் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. "காபி கிடையாது. இங்க வந்து காதுல சொல்லிட்டுப் போறதுக்கு நான் பாதிரியாரா? எங்க பேரு எங்க ஒட்டியிருக்கோ அங்க போய்ச் சொல்லு" என்றாள்.

இந்த ஊரில் வீட்டுக்கு வந்தவனுக்குக் காபி இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். நாற்பது வருஷத்தில் அந்த வீட்டில் காபி குடிக்காமல் நான் திரும்பியது இதுவே முதல் தடவை.

2 ஏப்ரல், வியாழக்கிழமை

முந்தாநாள் சங்கத்துக்குப் போனேன். பழைய செருப்புக் கடை மாடியில் ஒரே ஒரு அறை. செயலாளர் திமி, சுரங்கச் சிறையில் பதினேழு வருஷம் இருந்தவர். இருமிக்கொண்டேதான் பேசுவார். ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுபோயிருந்தேன். இரண்டு தடவை படித்தார்.

"அடிச்சாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "தூங்கவிடாம வச்சாங்களா?" இல்லை. "பின்ன?" ஒரு கேள்வி கேட்டார்கள் என்றேன். அவர் இருமி முடித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தார். "என்னைப் பதினோரு நாள் அடிச்சாங்க. நானும் ரெண்டு பேரோட பேரைச் சொன்னேன், ஐயா. ஒருத்தரு கீழ்த் தெருவுலதான் இருக்காரு. காலையில பார்த்தா வணக்கம் சொல்லிக்கிறோம். அவருக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியாது" என்றார். பிறகு, "சொத்திர் பேரை எடுத்தா அந்த இடத்துல உங்க பேரை எழுதணும். எழுதாம விட்டா நான் ஆள் பார்த்துப் பட்டியல் போடறேன்னு சொல்லுவாங்க" என்றார். எழுதுங்கள் என்றேன். என் கண் முன்னாலேயே எழுதினார். அன்று மாலையே ஒட்டிவிட்டார்கள்.

நேற்றும் இன்றும் ரொட்டி வரிசையில் நின்றேன். யாரும் துப்பவில்லை. எனக்கு முன்னும் பின்னும் ஒரு ஆள் இடம் விட்டு நின்றார்கள். என்னோடு பத்திரிகையில் முப்பது வருஷம் வேலை பார்த்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு நாளை வருவதாகக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். கலியோப்பி எனக்கு ஆறேழு பேருக்கு முன்னால் நின்றாள். அன்றைக்கு அவள் மேல் துப்பிய பெண், "அக்கா, நீங்க முன்னாடி போங்க" என்று வழிவிட்டாள். கலியோப்பி நகரவில்லை. "என் முறை வரட்டும்" என்றாள்.

மே மாதக் காரியத்துக்கு வருகிறேன். பாதிரியார் கிடைத்துவிட்டார். வயதானவர், மறந்துபோன இடங்களில் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறார், ஆனால் நல்லவர். புதைத்த இடத்தை அம்மாவோடு கடைசிவரை இருந்த பொலிக்செனி அடையாளம் காட்டுகிறாள். கால்வாய்க் கரையில் இரண்டாவது மரத்துக்கு இந்தப் பக்கம். மண் ஈரம், ஒரு மீட்டருக்கு மேல் தோண்ட வேண்டியிருக்காது என்கிறாள். வண்டிக்குச் சொல்லிவிட்டேன். எலும்பைக் கழுவச் சிவப்புத் திராட்சை மது வேண்டும். அதைக் கடையில் வாங்க வேண்டாம், தன் கொடியில் போட்டது இருக்கிறது என்று சொத்திர் சொல்லியனுப்பினான். பெட்டி சின்னதாகத்தான் வேண்டும், தச்சனிடம் அளவு கொடுத்தாயிற்று. இவ்வளவும் நீ யாரைக் கூட வைத்துக்கொண்டு செய்தாலும் நடக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறேன்.

கழுவும்போது தலையை நெருங்கிய உறவு கையில் வாங்க வேண்டும் என்பது முறை. நீ வாங்குவாய். நான் எங்கே இருக்க வேண்டும் என்பதை நீதான் சொல்ல வேண்டும். உன் பக்கத்தில் நிற்கச் சொன்னால் நிற்கிறேன். கால்வாய்க்கு அந்தப் பக்கம் சாலையில் நில் என்றால் அங்கே நிற்கிறேன். வரவே வேண்டாம் என்றால் அன்று வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடுகிறேன். மூன்றில் எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்கமாட்டேன். அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சாலையில் நின்றும் சொல்லலாம், வீட்டில் இருந்தும் சொல்லலாம்.

நீ அனுப்பிய தாள்களைக் கையெழுத்துப் போடாமல் இதோடு வைத்திருக்கிறேன். என்னை உன் வீட்டில் வைத்துக்கொள்வதாக நீ எழுதியது இந்தக் கடிதத்தைப் படிப்பதற்கு முன்பு. படித்த பிறகு மறுபடி அனுப்பினால் கையெழுத்துப் போடுவேன். அனுப்பாவிட்டால் எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. கோபமாக எழுது. ஒரே வரி எழுது. வெறும் தாளை மட்டும் மடித்து அனுப்பாதே, எழுதாமலும் இருந்துவிடாதே, மகளே.

உன் கையும் மனசும் நல்லபடியாக ஆறட்டும். நீ யாருக்கும் பயப்படாமல் பேசிச் சிரிக்கிற வீடு உனக்கு அமையட்டும். மே மாதத்திலும் இங்கே சாயங்காலம் குளிர் இருக்கும். வரும்போது தடித்த கம்பளிக் கோட்டு ஒன்று எடுத்து வா.

பெத்ராச்